மாஸ்ரரும் மினிஸ்ரரும்: ஒரு சொல்லாராய்ச்சி

எங்கள் நாட்டிலே ஆசிரியரை 'மாஸ்ரர்' என அழைப்பது நெடுநாள் வழக்கு. கல்லூரியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், தம் ஆசிரியரை வீதியிற் காணும் பழைய மாணவர் அச்சொல்லாலேயே அவரை அழைத்து வணங்குவர். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த அச்சொல்லின் பிறப்பிடம் இலத்தீன் மொழியாகும். அதன் வரலாற்றை, அதனோடு இணையாக அமைந்த 'மினிஸ்ரர்' என்னுஞ் சொல்லின் வரலாற்றோடு ஒருங்கு வைத்து ஆராய்வோம்.

இலத்தீனிலே 'மகிஸ்' என்பது 'மிகுதியாக' எனவும், 'மினுஸ்' என்பது 'குறைவாக' எனவும் பொருள்படும். 'தெர்' என்பது இரண்டனுள் ஒன்றைப் பிரித்துக் காட்டும் விகுதி. ஆகவே 'மகிஸ்தெர்' மேலோன். 'மினிஸ்தெர்' கீழோன், அஃதாவது ஏவல் செய்வோன். வடமொழி 'உத்தர' என்பதிலுள்ள 'தர' விகுதியும் இத் 'தெர்' விகுதியும் ஒரே மூலத்தின. 'மகா', 'மகிஸ்' என்பனவும் அவ்வாறே. தமிழ் 'மிகை'யையும் இவற்றோடு சேர்க்கச் சிலர்க்கு மனம் எழலாம். ஓரிடத்து ஒலியொப்புமை மாத்திரம் உறவுக்குச் சான்றாகாது. பல சொற்களில் ஒழுங்குற வரும் ஒப்புமையே சான்றாம்.

உரோமரிடையே மகிஸ்தெர் என்னும் பெயர் குதிரைப்படைத் தலைவனுக்கும், கப்பல் நடத்துவோனுக்கும், சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியனுக்கும் வழங்கிற்று. அவ்வாசிரியருட் பலர் அடிமை நிலையினின்று விடுதலை பெற்றோர். அவர் பெற்ற ஊதியமோ சிறிது. பெயரளவில் மேலோராயினும் வாழ்வில் அவர் மேலோராயிருந்திலர்.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின் இச்சொல் நாட்டுக்கு நாடு உருமாறிற்று. உயிர்களுக்கு இடையில் நின்ற ககர ஒலி தேய்ந்தது. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் 'மயேஸ்த்ரோ' என்றாயிற்று. இவ்விரு மொழிகளிலும் அது பள்ளியாசிரியரையும் இசை வல்லுநரையும் குறிக்கும். பிரெஞ்சில் சகர ஒலியும் மறைந்து 'மேத்ர்' ஆயிற்று. வழக்கறிஞரை அந்நாட்டார் இவ்வாறே விளிப்பர். ஜேர்மனியில் தொழிலைக் கற்றுத் தேர்வில் தேறிய கைவினைஞர் 'மைஸ்ரர்' எனப்படுவர். ஆங்கில 'மாஸ்ரர்' வலியிழந்து 'மிஸ்ரர்' ஆகி, எவர் பெயருக்கும் முன்னே நிற்பதாயிற்று. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் மொழியில் இச்சொல் 'மெஸ்த்ரே' என வழங்கும். தமிழ் 'மேஸ்திரி' அதன் வழி வந்தது. கட்டடத்தில் ஆட்களை நடத்தும் மேஸ்திரியும் வகுப்பிலே பாடம் நடத்தும் மாஸ்ரரும் பெயரால் உறவினரே!

இனி, கீழோன் கதையைக் கேளுங்கள். மினிஸ்தெர் செய்யும் பணி 'மினிஸ்தேரியும்' எனப்பட்டது. அதிலிருந்தே தொழிலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'மெத்தியே' பிறந்தது. பிரபுக்களின் வீட்டுப் பணியாளரைச் சுட்டிய கிளைச்சொல்லொன்று ஆங்கிலத்தில் 'மின்ஸ்ட்ரல்' என்றாகிப் பாணரைக் குறிக்கலாயிற்று. இத்தாலியர் உணவிற் பரிமாறும் 'மினெஸ்த்ரா' என்னும் கஞ்சிவகையும் இக்குடும்பத்தது. திருச்சபையில் இறைபணி செய்வோர் இப்பெயர் பூண்டனர். அரசனுக்குப் பணி செய்தோரும் மினிஸ்ரர் எனப்பட்டனர். அரசனை அடுத்து நின்றமையால் அவர் மதிப்பு ஓங்கிற்று. அவரோடு சொல்லும் ஓங்கிற்று. இன்று மினிஸ்ரர் எனின் ஏவலாளரை எவரும் நினையார், அமைச்சரையே நினைப்பர்.

ஆகவே, மேலோன் பெயர் எல்லார்க்கும் பொதுவாயிற்று. கீழோன் பெயர் ஆட்சிபீடம் ஏறிற்று. இதுகொண்டு ஆசிரியர் தாழ்ந்தார் எனக் கவல வேண்டுவதில்லை. மினிஸ்ரர் என்னும் பெயருக்குள்ளே பணி என்னும் பொருள் இன்னும் உறைகின்றது. அன்று அரசன் இருந்த இடத்தில் இன்று மக்கள் இருக்கின்றனர். மகிஸ்தெர் என்பதோ ஒப்புமைச் சொல். மற்றொருவன் குறைவாக அறிந்திருக்கும் வரையிலேயே ஒருவன் 'மேலோன்' ஆவான். மாணவன் வளர வளர அவ்வேற்றுமை குறையும். அதனைக் குறைத்தலே ஆசிரியன் தொழில். தம்மினும் மிக்காராய் விளங்கும் பழைய மாணவர் 'மாஸ்ரர்' என அழைக்கும்போது, அச்சொல்லின் பழம்பொருள் அங்கே பொய்யாகின்றது. அவ்வாறு பொய்யாதலே ஆசிரியர் பெறும் மெய்யான ஊதியம்.