முன்பணம் கட்டுவதற்கு முன் லென்ஸைப் பாருங்கள்

சென்ற ஆண்டு எங்கள் கிளை கேமரா வாங்கப் போய், ஒரு டிரைபோடும் ஒரு பையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த கதை வட்டாரத்தில் பல பேருக்குத் தெரியும். சிரித்தவர்களும் உண்டு. இப்போது வேறு இரண்டு கிளைகள் கேமரா வாங்கத் தயாராகி, "தம்பி, எதைப் பார்த்து வாங்கணும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நடந்தது இதுதான். தேவாரப் போட்டி, திருவிளக்கு பூஜை, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் எல்லாவற்றையும் கைப்பேசியில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். கார் கழுவியும் முறுக்கு விற்றும் இரண்டு வருடத்தில் 8,000 ரிங்கிட் சேர்ந்தது. ஒரு கடையில் அப்போதுதான் அறிமுகமான ஃபுல் ஃபிரேம் கேமராவைக் காட்டினார்கள். "ஸ்டாக் இன்னும் வரல பாஸ். இன்னிக்கு 500 கட்டினா முதல்ல உங்களுக்குத்தான்." கட்டிவிட்டோம். ரசீதில் 'கேமரா டெபாசிட் 500' என்று ஒரே வரி. மாடல் பெயர் இல்லை, முழு விலை இல்லை, தேதி இல்லை. பத்து வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பாடி மட்டும் வரவில்லையாம், லென்ஸோடு சேர்ந்த செட்தான் வந்திருக்கிறதாம், இன்னும் 1,300 ஆகுமாம். எங்களிடம் அந்தக் காசு இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "டெபாசிட் ரீஃபண்ட் கிடையாது, அந்த மதிப்புக்கு வேற பொருள் எடுத்துக்குங்க" என்றார்கள். அப்படி வந்ததுதான் டிரைபோடும் பையும். ஆண்டுக் கூட்டத்தில் அந்த 500-க்குக் கணக்கு வாசித்தபோது பொருளாளர் அக்கா தலையே நிமிரவில்லை. முறுக்கு சுட்ட அம்மாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடியை மட்டும் வாங்கி, லென்ஸுக்கு என்ன செய்வதாக இருந்தோம்? ஓர் அண்ணன் தன்னுடைய பழைய நிக்கான் லென்ஸைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது போதும் என்று விட்டுவிட்டோம். பிறகுதான் பார்த்தேன், அது ஏஎஃப்-டி வகை. அந்த லென்ஸுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் இல்லை. பழைய நிக்கான் பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். புதிய இசட் வகை பாடியில் நிக்கானின் அடாப்டர் போட்டு அதை மாட்டலாம், ஆனால் ஆட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யாது. ஓடியாடும் பிள்ளைகளைக் கையால் ஃபோக்கஸ் திருப்பி எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆகவே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது மவுண்ட். லென்ஸ் வந்து மாட்டும் அந்த உலோக வளையம்தான். கேனனுக்கு ஆர்எஃப், நிக்கானுக்கு இசட், சோனிக்கு இ. நாம் முன்பணம் கட்டுவது பாடிக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் மவுண்டுக்குக் கட்டுகிறோம். பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் அதைவிட நீண்ட காலம் கூட வரும். பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டலாமா என்பது வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. கேனனின் பழைய இஎஃப் மவுண்டில் அது 44 மில்லிமீட்டர், ஆர்எஃப்பில் 20. நடுவில் 24 மில்லிமீட்டர் அடாப்டர் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். திருப்பிச் செய்ய முடியாது. ஆர்எஃப் லென்ஸைப் பழைய பாடியில் போட வேண்டுமென்றால் லென்ஸ் 24 மில்லிமீட்டர் பாடிக்குள்ளே போக வேண்டும்! இன்னொன்று: ஏபிஎஸ்-சி சென்சாருக்காகச் செய்த லென்ஸை ஃபுல் ஃபிரேம் பாடியில் போட்டால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் பயன்படும். 24 மெகாபிக்சல் கேமரா ஏறக்குறைய 10 ஆகிவிடும். மலிவு லென்ஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று விலை உயர்ந்த பாடி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். நம்முடைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மண்டபத்திலும் கோயில் பிரகாரத்திலும், இரவில். கிட் லென்ஸ் பலவற்றில் ஜூம் செய்தவுடன் துளை எஃப் 5.6-க்கு இறங்கிவிடும். எஃப் 2.8 லென்ஸ் அதைப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது 5.6-இல் ஐஎஸ்ஓ 6400 வேண்டிய இடத்தில் 2.8-இல் 1600 போதும். ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். தீபாராதனை நேரத்தில் குருக்கள் கண்ணில் ஃபிளாஷ் அடித்து ஏச்சு வாங்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும் என்பதற்குக் கடைக்காரரைக் கேட்கத் தேவையில்லை. பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம் போதும். மேடையில் பாடும் பிள்ளையைச் சுற்றி ஒன்றரை மீட்டர் உயரம் படத்தில் விழ வேண்டும், நாம் 12 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். 24-ஐ 12-ஆல் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 192. ஆக 200 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் வேண்டும். கையில் 50 மில்லிமீட்டர்தான் இருந்தால் மேடையிலிருந்து மூன்று மீட்டரில், நீதிபதிகளை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15.6 மில்லிமீட்டர் என்பதால் அதே படத்துக்கு 125 போதும். எங்களைப் போன்ற கிளைகளுக்கு ஃபுல் ஃபிரேமைவிட ஏபிஎஸ்-சி பாடியும் நல்ல லென்ஸும் பொருத்தம் என்று நான் இப்போது நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாடியில் மிச்சமாகும் காசு லென்ஸுக்குப் போகும். ஃபுல் ஃபிரேமுக்கான 70-200 எஃப் 2.8 லென்ஸ் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு மணி நேரம் தூக்கிப் பிடித்தால் கை கழன்றுவிடும். முடிவு செய்யும் முன் அதே பாடி, அதே லென்ஸை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் முன்பணம். நாமே மனம் மாறி வேண்டாம் என்றால் கடைக்காரர் டெபாசிட்டை வைத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் ஒப்புக்கொண்ட பொருளை அவரால் தர முடியாவிட்டால் அது வேறு கதை. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன காலத்துக்குள் பொருளைத் தர முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமலோ, பேசியதற்கு மாறான பொருளைக் கொடுக்கும் எண்ணத்தோடோ காசு வாங்கக் கூடாது. தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பொதுவாக வக்கீல் வைத்து வாதாட வேண்டியதில்லை. எங்களுக்கும் அந்த வழி இருந்தது. ஆனால் 'என்ன பேசினீங்க?' என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் அந்த ஒரு வரிதான்.

இந்த ஆண்டு வேறு கடை. பாடியின் மாடல், லென்ஸின் முழுப் பெயர் (அந்த எஃப் எண்ணோடு), மொத்த விலை, உத்தரவாதம் உள்ளூர் விநியோகஸ்தருடையதா கடையுடையதா, கடைசித் தேதி, அதற்குள் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்ற வாக்கியம், கடை முத்திரை. "இதெல்லாம் எதுக்கு தம்பி, எங்களை நம்ப மாட்டீங்களா?" என்று விற்பனையாளர் முகம் சுளித்தார். பொருளாளர் அக்கா பேனாவை நீட்டினார். எழுதிக் கொடுத்தார். டெபாசிட்டும் 500-இல்லை, 200 என்று பேசி முடித்தோம்.

டிரை பாக்ஸுக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் அலமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் நல்லது.

ரசீதில் 14 நாள் என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. தேவாரப் போட்டியை அதில்தான் எடுத்தோம், பின்வரிசையில் நின்றபடியே. டிரைபோட் மட்டும் இன்னும் ஆடுகிறது.