ஞாயிறு வகுப்பும் வீட்டுப் பாடமும்

நம்மில் பலர் குழந்தையை ஞாயிறு தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டு, 'அப்பாடா, இனித் தமிழ் வந்துவிடும்' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். வேறு சிலர், 'வாரத்தில் ஒரு நாள் வகுப்பில் என்ன வந்துவிடப் போகிறது?' என்று வீட்டில் தனியாக ஒரு பாடத்திட்டம் போட்டுக்கொண்டு, அங்கே ஒன்று இங்கே ஒன்று என நடத்துகிறோம். இரண்டு வழியிலும் குழந்தைதான் திண்டாடுகிறது. நான் இரண்டையும் செய்து பார்த்தவள். பிறகு தில்லியில் வேறொரு ஞாயிறு வகுப்பில் சில ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்ததில், எங்கே தவறினோம் என்று ஓரளவு புரிந்தது. அதைப் பெற்றோர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

2017-ஆம் ஆண்டு என் மகனுக்கு எட்டு வயது. கும்பகோணத்தில் என் அம்மா பத்திரமாக வைத்திருந்த பழைய அரிச்சுவடியைக் கொண்டுவந்து, வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் ஞாயிறு வகுப்பிலும் சேர்த்தோம். ஒரு நாள் அவன் 'மலை', 'யானை' என்ற சொற்களைப் பலகையில் எழுதியிருக்கிறான். லை, னை இரண்டும் பழைய வடிவில், மேலே தும்பிக்கை போல வளைந்த எழுத்துகள். தவறு என்று ஆசிரியர் சுழித்துவிட்டார். மற்றக் குழந்தைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன், "நீ சொல்லிக்கொடுத்தது எல்லாம் தப்பாம்மா" என்றான். அடுத்த ஞாயிறு வயிற்றுவலி. அதற்கடுத்த ஞாயிறும் வயிற்றுவலி. நான்கு மாதம் அவன் தமிழ்ப் பக்கமே திரும்பவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஆசிரியர்மேல் குற்றம் இல்லை. வகுப்பில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

அதே ஆண்டில்தான் என் அம்மாவுக்குக் காது அறவே கேட்காமல் போயிற்று. தொலைபேசியில் பேரன் "பாட்டி, பாட்டி" என்று கத்துவான். அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். பாட்டியோடு பேச ஒரே வழி எழுத்துதான் என்று ஆயிற்று. தமிழ் படிக்கத் தெரிவது ஏதோ பெருமைக்காக அல்ல என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஒரு சின்னக் கணக்கு

வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்துப் பாடல், வருகைப் பதிவு, தண்ணீர் குடிக்கப் போவது எல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஒரு மணி. இருபது குழந்தைகள் இருந்தால் ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம். கோடை விடுமுறை, பண்டிகை, பள்ளித் தேர்வு போக ஆண்டுக்கு 35 வகுப்புகள் நடந்தாலே அதிகம். ஆக, உங்கள் குழந்தையை மட்டும் கவனிக்க ஆசிரியருக்குக் கிடைப்பது ஆண்டு முழுவதற்கும் 105 நிமிடம். இரண்டு மணி நேரம்கூட இல்லை!

வீட்டில் நாளுக்குக் கால் மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 75 நிமிடம். நாற்பது வாரத்துக்கு 50 மணி நேரம். ஆகவே, வகுப்பு வீட்டின் வேலையைச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே சமயம், வீட்டில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் வகுப்பு தருவதைத் தர முடியாது. தன் வயதுக் குழந்தைகள் இன்னும் பத்துப் பேர் தமிழ் பேசுவதைத் தில்லியில் வளரும் குழந்தை வேறெங்கே பார்க்கும்?

எது யார் பொறுப்பு?

முன் ஏர் போன வழியே பின் ஏர் போக வேண்டும் என்பார்கள். எழுத்து, எழுதும் வடிவம், பாடப் புத்தகம், இந்த மூன்றிலும் வகுப்பை முன் ஏராக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒகர வரிசை நடந்தால் வீட்டிலும் ஒகர வரிசைதான். வீட்டில் தனி எழுத்துப் பாடம் வேண்டாம்.

கதை, பழமொழி, விடுகதை, உறவுமுறை, ஊர்ப் பேச்சு, சமையலறைச் சொற்கள், இவை வீட்டின் சொந்தப் பாடத்திட்டம். இதில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. நெல்லைக் குடும்பம் நெல்லைப் பேச்சையும், கோவைக் குடும்பம் கொங்குப் பேச்சையும் தாராளமாகக் கற்பிக்கலாம்.

கூடிப் பேசுவது, நாடகம், பாட்டு, போட்டி ஆகியவை வகுப்புக்கு. தனியாக உட்கார்ந்து உரக்கப் படிக்கவைப்பது, கையெழுத்து, உச்சரிப்பைத் திருத்துவது ஆகியவை வீட்டுக்கு. இந்தப் பிரிவினையை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தி படிக்கும் குழந்தைக்கு எங்கே தடுக்கும்?

247 எழுத்து என்றதும் குழந்தை மலைக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31-ம் சில துணைக் குறிகளும் தெரிந்தால் 216 உயிர்மெய்யும் தாமே வரும் என்று சொல்லுங்கள். இந்தி எழுதும் குழந்தைக்கு இந்த முறை புதிதல்ல. தடுக்கும் இடங்கள் நான்குதான்.

1. ஓர் எழுத்து, பல ஒலி. இந்தியில் க-வுக்கு நான்கு எழுத்து, நமக்கு ஒன்று. 'கடல்' என்பதில் வரும் ககரமும் 'தங்கம்' என்பதில் வரும் ககரமும் ஒன்றா என்று குழந்தை கேட்கும். விதி எளியது. சொல்லின் முதலிலும், இரட்டித்தாலும் வல்லோசை: கடல், பக்கம். மெல்லெழுத்தின் பின் வந்தால் ஒலி தடிக்கும்: தங்கம். உயிர்களுக்கு நடுவே மென்மையாகும்: அகம். இதைப் போலவே பாட்டு, அப்பா, அம்பு. பட்டம், வண்டி, நாடு. காந்தி போன்ற பிறமொழிப் பெயர்கள் இந்த விதியில் அடங்கா. அவற்றைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

2. எ-ஏ, ஒ-ஓ. இந்தியில் ஏ, ஓ என்னும் நெடில்களுக்குத்தான் எழுத்து உண்டு. குறிலுக்குத் தனி எழுத்து இல்லை. அதனால் நம் பிள்ளைகள் 'எடு' என்பதை 'ஏடு' என்று படிப்பார்கள். இதற்கு விளையாட்டே மருந்து. கொடு-கோடு, தொடு-தோடு, எடு-ஏடு என்று நீங்கள் சொல்ல, குழந்தை செய்தோ காட்டியோ பதில் சொல்லட்டும். 'கொடு' என்றால் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். 'கோடு' என்றால் தாளில் கோடு போட வேண்டும்.

3. ல-ள-ழ. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் ல. நாக்கு பின்னே வளைந்து மேலண்ணத்தைத் தொட்டால் ள. வளைந்தும் தொடாமல் நின்றால் ழ. கண்ணாடி முன் நின்று தலை, தளை, தழை என்று சொல்லிப் பார்க்கட்டும். மராத்தி கேட்டு வளர்ந்த குழந்தைக்கு ளகரம் எளிதில் வரும். தில்லிப் பிள்ளைக்குச் சற்று நாளாகும். திட்ட வேண்டாம்.

4. ந-ன. எங்கே எது என்ற குழப்பத்துக்கு ஒரு குறிப்பு: சொல்லின் முதலில் ந வரும், ன வராது. தகரத்துக்கு முன் வருவதும் ந்-தான்: பந்து, வந்தான். சொல்லின் இறுதியில் ன்: அவன், மீன். சில கூட்டுச் சொற்கள் நீங்கலாக இது பெரும்பாலும் கைகொடுக்கும்.

இவை தவிர, வீட்டில் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரியார் 1930களிலேயே தம் இதழில் கையாண்ட எழுத்து வடிவங்களை ஒட்டி, 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணை, லை, ளை, னை என்னும் நான்கும், ண, ற, ன மூன்றின் ஆ, ஒ, ஓ வரிசை எழுத்துகள் ஒன்பதுமாக, 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. முதலில் புதிய வடிவத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள். சரளமாகப் படிக்க வந்த பின் பழையதைக் காட்டலாம்.

வாரம் எப்படிப் போகலாம்?

ஞாயிறு மாலை: "இன்று என்ன நடந்தது?" என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். தமிழிலேயே பதில் வரட்டும்.

திங்கள்: வகுப்பில் நடந்த பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும். தடுக்கிய சொல்லை அடிக்கோடிடுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம்.

செவ்வாய்: அந்தச் சொற்களைக் கொண்டு இரண்டு வாக்கியம் எழுதட்டும்.

புதன்: பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும் பயிற்சி. வீட்டில் 'நேத்து மழை பேஞ்சுது' என்கிறோம். புத்தகத்தில் 'நேற்று மழை பெய்தது' என்று இருக்கிறது. குழந்தை இவற்றை இரண்டு மொழி என்றே நினைக்கிறது. நாளைக்கு ஒரு வாக்கியம் மாற்றிக் காட்டினால் அந்தப் பயம் தெளியும். பேச்சு தவறு, எழுத்துதான் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வியாழன்: உங்கள் வீட்டுப் பாடம். கதையோ, விடுகதையோ, ஊர் விஷயமோ.

வெள்ளி: தாத்தா பாட்டிக்கு மூன்று வரி எழுதட்டும். பிழையோடு போனாலும் பரவாயில்லை.

சனி: விடுமுறை. சனி இரவு அவசர அவசரமாக வீட்டுப் பாடம் எழுதும் குழந்தைக்கு ஞாயிறு வகுப்பு கசக்காமல் என்ன செய்யும்?

சில சந்தேகங்கள்

குழந்தை வகுப்பைவிட முன்னே போய்விட்டால்? அடுத்த பாடத்துக்குத் தாவ வேண்டாம். அதே நிலையில் வேறு கதைகளைப் படிக்கக் கொடுங்கள். வகுப்பில் சிறியவர்களுக்கு உதவச் சொல்லலாம்.

பின்தங்கினால்? புதுப் புத்தகம் வாங்காதீர்கள். எந்த வரிசையில் நின்றதோ அந்த வரிசைக்குத் திரும்புங்கள். ஆசிரியருக்கும் தெரியப்படுத்துங்கள். குழந்தையின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரம் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்: 'ஏகாரம் தடுக்குகிறது' என்பதுபோல. வாரம் முழுவதும் அலுவலகம் போய்விட்டு ஞாயிறன்று சம்பளம் இல்லாமல் வந்து நிற்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எந்தப் புத்தகம்? தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்களும் உண்டு. இரண்டும் நல்லவைதான். ஆனால் வகுப்பில் எது நடக்கிறதோ அதுவே பாடம். மற்றது வாசிப்புக்கு மட்டும்.

பள்ளித் தேர்வு வந்தால்? எழுத்தை நிறுத்துங்கள், ஐந்து நிமிட வாசிப்பை நிறுத்தாதீர்கள். அறவே விட்டால் ஏப்ரலில் மறுபடி அகரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கோடையில் ஊருக்குப் போவதும் பாடம்தான். தில்லிப் பள்ளிகளுக்கு மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை விடுமுறை. நாம் போய்ச் சேர்ந்து சில வாரத்தில் அங்கே பள்ளி திறந்து, அத்தை பிள்ளைகள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தனியாக இருக்கும் குழந்தைக்குப் பேருந்துப் பலகையும் கடைப் பெயர்ப் பலகையும் நல்ல புத்தகம். எந்தப் பேருந்தில் ஏறுவது என்று அவனே படித்துச் சொல்லட்டும். அந்தப் பெருமைக்கு ஈடான பரிசு நாம் வாங்கித்தர முடியாது.

முடிவாக ஒன்று

என் மகன் மறுபடி வகுப்புக்குப் போனான். இந்த முறை நான் முதலில் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். வகுப்புப் புத்தகத்தையே வீட்டிலும் வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மூன்று வரி பாட்டிக்குப் போகத் தொடங்கியது. 2019-இல் பாட்டியிடமிருந்து அவன் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. பிரித்தவன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா, பாட்டியும் தும்பிக்கை போட்டுத்தான் எழுதறா" என்றான்.

ஆமாம், 1978-க்கு முன் படித்தவர் வேறெப்படி எழுதுவார்? வகுப்பில் எந்த எழுத்துக்காகச் சிரித்தார்களோ, அந்த எழுத்தை அவன் தடையின்றிப் படித்தான். அவன் எழுதிய கடிதங்களில் இருந்த பிழைகளையெல்லாம் பாட்டி வரிசையாகத் திருத்தி அனுப்பியிருந்தார்! அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று வரி ஏழு வரியாயிற்று.

வகுப்பும் வீடும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டால் குழந்தை நடுவில் விழாது. வரும் ஞாயிறன்று குழந்தையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பாமல், ஐந்து நிமிடம் உள்ளே சென்று ஆசிரியரிடம் கேளுங்கள்: "இந்த வாரம் வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"