பூட்லோடரிலேயே டிவைஸ் ட்ரீயைத் திருத்துவது எப்படி?

 திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் உள்ள சிடாக் மையத்தில் உருவானவை வேகா ரிஸ்க்-ஃபைவ் புராசசர்கள். அவற்றில் ஒன்றைக் கொண்ட தேஜஸ்32 சிப்புடன் ஏரிஸ் போர்டில் பழகியவருக்கு டிவைஸ் ட்ரீ புதிதாகத்தான் இருக்கும். 256 கிலோபைட் எஸ்ரேமில் லினக்ஸ் ஓடாது. அதனால் அங்கே அதற்குத் தேவையே வரவில்லை. லினக்ஸ் ஓடும் போர்டுக்கு வந்ததும் கதை மாறிவிடும். யூஎஸ்பி சாதனம் தன்னை யாரென்று தானே சொல்லிவிடும். சீரியல் போர்ட்டோ கடிகாரச் சிப்போ அப்படிச் சொல்லாது. அவை எந்த முகவரியில் இருக்கின்றன என்று கெர்னலுக்கு எழுதிக் கொடுப்பதுதான் டிவைஸ் ட்ரீ.

போர்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். க்யூஎமு எமுலேட்டரின் ரிஸ்க்-ஃபைவ் 'விர்ட்' மெஷினில் யூ-பூட் என்ற பூட்லோடரை ஏற்றினால் போதும். கவுண்ட்டவுன் ஓடும்போதே ஏதாவது ஒரு விசையைத் தட்டி நிறுத்துங்கள்.

முதலில் நகல் எடுங்கள். 'எஃப்டிடி மூவ்' கட்டளையால் 'எஃப்டிடிகண்ட்ரோல்ஆடர்' முகவரியில் உள்ள ட்ரீயை 'எஃப்டிடி_ஆடர்_ஆர்' முகவரிக்குக் கொண்டுபோங்கள். மூலப் பிரதியை யூ-பூட்டே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, அதில் கைவைக்கக் கூடாது. அடுத்து 'எஃப்டிடி ரீசைஸ் 1000'. யூ-பூட் இந்த எண்ணை ஹெக்ஸாக வாசிப்பதால் 4096 பைட் கூடுதல் இடம் கிடைக்கும். இதை விட்டுவிட்டால் புதிய வரி சேர்க்கும்போது இடமில்லை என்ற பிழை வரலாம்.

'எஃப்டிடி லிஸ்ட்' கொடுத்து 'எஸ்ஓசி' கிளையைப் பாருங்கள். 101000 முகவரியில் ஆர்டிசி கடிகாரம் இருக்கும். 'எஃப்டிடி செட்' மூலம் அதன் 'ஸ்டேட்டஸ்' மதிப்பை 'டிஸேபிள்டு' ஆக்குங்கள். பிறகு 'எஃப்டிடி பிரிண்ட்' கொடுத்து, மாறியதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கெர்னலைத் துவக்கும் 'பூட்ஐ' கட்டளையில் முதலில் கெர்னல் முகவரி, அடுத்து ராம்டிஸ்க் இல்லையென்றால் ஒரு கோடு, மூன்றாவதாக உங்கள் நகலின் முகவரி. அந்த மூன்றாவதைத் தவறவிட்டால் திருத்தம் கெர்னலுக்குப் போய்ச் சேராது. லினக்ஸ் எழுந்ததும் 'ப்ராக்' கோப்பகத்தின் டிவைஸ்-ட்ரீ பகுதியில் அதே கிளையைத் திறந்து சரிபாருங்கள்.

பலர் இடறும் இடம் இனிதான். கெர்னலை அழைக்கும் கடைசி நொடியில் யூ-பூட் தானும் ட்ரீயில் எழுதும். ரேம் அளவு, ஈத்தர்நெட்டின் மேக் முகவரி, கெர்னல் பூட்ஆர்க்ஸ் போன்றவை அந்தக் கணக்கில் சேரும். 'சோசன்' கிளையில் நீங்கள் எழுதிய பூட்ஆர்க்ஸை, அதே பெயரில் என்விரான்மென்ட் மாறி இருந்தால், அது அழித்துவிடும். ஆகவே பூட்ஆர்க்ஸையும் 'ஈத்ஆடர்' மதிப்பையும் 'செட்என்வ்' கொண்டே மாற்றுங்கள்.

இதுவரை செய்தது அனைத்தும் ரேமில்தான், ரீபூட் செய்தால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் கட்டளைகளை ஒரு மாறியில் கோத்து, 'பூட்சிஎம்டி' முதலில் அதை ஓட்டும்படி செய்து, 'சேவ்என்வ்' கொடுங்கள். அதற்கு முன் 'பிரிண்ட்என்வ்' வெளியீட்டைக் கணினியில் சேமித்துவிடுங்கள். சோதனைக்கு இந்த வழி அருமை. விற்பனைக்குப் போகும் போர்டில் இப்படி விட்டுவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே டிடிஎஸ் மூலக் கோப்பைத் திருத்தி டிடிசியால் கம்பைல் செய்வதே முறை. கழற்றி மாட்டும் துணைப் பலகைகளுக்கு ஓவர்லே எழுதி 'எஃப்டிடி அப்ளை' கொடுக்கலாம். அதற்கு அடிப்படை ட்ரீ சிம்பல்களுடன் கம்பைல் ஆகியிருக்க வேண்டும்.