சான்றிதழும் கைத்திறனும்

பொறியியல் பட்டம் பெற்றவரெல்லாம் பொறியாளரா? விடுதி அறைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. ‘நான்கு ஆண்டு படித்தும் ஒரு வால்வைக் கழற்றி மாட்டத் தெரியாதவன் எப்படிப் பொறியாளன் ஆவான்?’ என்று ஒரு தரப்பு கேட்கும். ‘கழற்றி மாட்டுபவன் மெக்கானிக், கணக்குப் போடுபவன்தான் பொறியாளன்’ என்று மறுதரப்பு சொல்லும். இந்த வாதம் பெரும்பாலும் தேர்வு முடிந்த இரவுகளில்தான் நடக்கும் என்பதால் எந்த முடிவும் எட்டப்படுவதில்லை. அதே கேள்வியை நமது வட்டாரத்தில் நடந்த மூன்று விபத்துகளின் வழி இக்கட்டுரையில் ஆராய்வோம். விடுதியில் பேசுவது வேறு, கட்டடம் சரிந்தபின் விசாரணைக் குழுவின் முன் நின்று பேசுவது வேறு அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

வெறும் பட்டத்தைச் சட்டமே முழுமையாக நம்பவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 1967ஆம் ஆண்டு பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி, பட்டம் பெற்றவர் முதலில் ‘பட்டதாரிப் பொறியாளர்’ என்று மட்டுமே பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தது மூன்றாண்டு நடைமுறை அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டிலும் தேறிய பிறகே பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ என்று போட்டுக்கொள்ளும் உரிமை கிடைக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அதுவும் போதாது. வரைபடங்களில் கையொப்பமிட்டு ஊராட்சி மன்றத்திடம் சமர்ப்பிக்க வேண்டுமானால் தனியாக ஒரு தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும்.

மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு நாடானதை நம் விரிவுரைஞர்கள் பெருமையுடன் குறிப்பிடுவார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த உடன்படிக்கை அங்கீகரிப்பது பாடத்திட்டத்தை. அதைப் படித்து வெளியேறும் ஒவ்வோர் ஆளையும் அன்று.

சான்றிதழ் இல்லாமல் நடந்தது

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஹோட்டல் நியூ வோர்ல்டு என்றால் மூத்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். 1986 மார்ச் 15ஆம் நாள் முற்பகலில் அக்கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டனர். அப்போது எம்.ஆர்.டி. சுரங்கப் பணிக்காக வந்திருந்த வெளிநாட்டு வல்லுநர்களும் மீட்புப் பணியில் இறங்கினார்கள்.

விசாரணையில் வெளிவந்த காரணம் நம்மைத் திகைக்க வைக்கிறது. கட்டமைப்பு வடிவத்தைக் கணக்கிட்டவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்லர், ஒரு வரைவாளர். கட்டடத்திற்குள் வரப்போகும் மனிதர்கள், தளவாடங்கள் ஆகியவற்றின் சுமையை அவர் கணக்கில் சேர்த்திருந்தார். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்க விட்டுவிட்டார். கான்கிரீட் கட்டடத்தில் தூண்கள் தாங்கும் சுமையின் பெரும்பகுதி கட்டடத்தின் சொந்த எடைதான். முதலாண்டு மாணவன் முதல் மாதத்திலேயே கற்கும் பாடம் இது.

இருந்தும் அக்கட்டடம் 1971 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நின்றது. கணக்கில் சேர்க்கப்படும் பாதுகாப்பு வரம்பு அதன் பிழையை இத்தனை காலம் சுமந்து வந்தது. ‘இத்தனை வருஷமா ஒன்றும் ஆகவில்லையே’ என்பது எந்தக் கட்டடத்திற்கும் நற்சான்று ஆகாது. இதன் பிறகுதான் சிங்கப்பூர் 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒருவர் வடிவமைத்ததை, அத்திட்டத்தில் எவ்விதத் தொடர்பும் இல்லாத இன்னொரு பதிவுபெற்ற பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்பது அதன்வழி விதியானது.

ஆக, சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு வெற்றியா? அவசரப்பட வேண்டாம்.

சான்றிதழ் இருந்தும் நடந்தது

உலு கிள்ளானின் ஹைலண்ட் டவர்ஸ் விபத்தை அறியாத மலேசியர் இல்லை. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. பன்னிரண்டு மாடி கொண்ட மூன்று கட்டடங்களில் முதலாவது சாய்ந்து விழுந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்புறக் குன்றிலிருந்த தடுப்புச் சுவர்கள் சரிந்து, மண் நகர்ந்து, கட்டடத்தைத் தாங்கிய முளைகளைத் தள்ளிவிட்டது. மண் சரிந்ததற்கு முக்கியக் காரணம் நீர். வடிகால் ஒழுங்காக இல்லை.

2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவர் உண்மையில் முழுத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர், பதிவு பெற்ற வரைவாளரே. ‘நான் வரைவாளன்தானே’ என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. கட்டடக் கலைஞரின் வேலையை ஏற்றுக்கொண்டவர் கட்டடக் கலைஞருக்குரிய அளவுகோலாலேயே அளக்கப்படுவார் என்று நீதிமன்றம் கூறியது.

பொறியாளரின் நிலை வேறு. அவரிடம் தகுதி இருந்தது. கட்டடத்தின் கட்டமைப்பு மட்டுமே தன் பொறுப்பு, குன்றின் சுவர்கள் தன் பொறுப்பல்ல என்பது அவர் வாதம். பின்னால் செங்குத்தான சரிவு இருக்கும்போது அது கட்டடத்தைப் பாதிக்குமா என்று எண்ணிப் பார்க்காதது கவனக்குறைவு என்று நீதிமன்றம் கருதியது. அதோடு, வடிகால் வேலையில் ஒரு சிறு பகுதிதான் முடிந்திருந்த நிலையில் அது நிறைவடைந்துவிட்டதாக அதிகாரத் தரப்புக்கு அவர் அறிவிப்பும் கொடுத்திருந்தார். இழப்புக்கான பொறுப்பில் தகுதி இல்லாத வரைவாளருக்கு 10 விழுக்காடு, தகுதியுள்ள பொறியாளருக்கும் அதே 10 விழுக்காடு என்று பங்கிடப்பட்டது. அந்தச் சமன்பாட்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொறியாளருக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. தன் வேலையின் எல்லை எது என்பதிலும், எதில் கையொப்பமிடலாம் என்பதிலும்தான் அவர் தவறினார். இவ்விரண்டுக்கும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மதிப்பெண் கிடையாது.

மூன்றாவது விபத்து இன்னும் சிக்கலானது. 2004 ஏப்ரல் 20ஆம் நாள் சிங்கப்பூரில் வட்டப்பாதை ரயில் தடத்திற்காகத் தோண்டிய ஏறத்தாழ 30 மீட்டர் ஆழப் பள்ளம் சரிந்தது. நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உள்ளே போனது. நால்வர் மாண்டனர். இங்கே தகுதி பெற்றவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அனைத்துலக நிறுவனங்கள், கணினி மென்பொருள், அளவைக் கருவிகள் என எல்லாம் இருந்தன.

மென்பொருளில் கடற்களிமண்ணின் வலிமையை எப்படி உள்ளிடுவது என்பதில் பிழை நேர்ந்தது. களிமண்ணிலுள்ள நீர் சட்டென வெளியேறாது. விரைவாகத் தோண்டும்போது அம்மண்ணின் வலிமை நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். தேர்ந்தெடுத்த கணக்கீட்டு முறையோ அதை மிகைப்படுத்திக் காட்டியது. சுவர் எவ்வளவு வளையும் என்பது குறைத்துக் கணிக்கப்பட்டது. இதோடு, எஃகுத் தாங்கிகள் சுவர்ச் சட்டத்தோடு சேரும் மூட்டுகளின் வடிவமைப்பிலும் பிழை. அவற்றுக்குத் தேவையான வலிமையில் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. கணித்ததைவிடச் சுவர் கூடுதலாக வளைகிறது என்று அளவைகள் காட்டியபோது, நிறுத்தி யோசிப்பதற்குப் பதில் மறுகணக்கீடு செய்து அதை நியாயப்படுத்தினார்கள். விசாரணைக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

விபத்தன்று காலையில் தாங்கிகளிலிருந்து ‘தங், தங்’ என்று ஓசை வருவதைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் பள்ளம் சரிந்தது. வேலையிடத்தில் அந்த ஓசையைக் கேட்ட காதுகளுக்குப் பட்டம் கிடையாது. பட்டம் வைத்திருந்தவர்களின் கணினிக்குக் காது கிடையாது.

அனுபவம் சொல்லித் தருவதும் தராததும்

இதைப் படித்துவிட்டு அனுபவசாலியே உயர்ந்தவர் என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. நான் இயந்திரவியல் மாணவன். தொழிற்பயிற்சிக்குப் பேராக்கில் ஒரு செம்பனை ஆலைக்குச் சென்றிருந்தேன். அங்கு ஃபிட்டராக வேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டு நின்றவர். பிழியும் இயந்திரத்திலிருந்து விழும் சக்கையை ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்ப்பார். நாரில் எண்ணெய்ப் பசை மிஞ்சியிருந்தால், ‘தம்பி, உள்ள ஸ்க்ரூ தேஞ்சி போச்சு’ என்பார். கொட்டைகள் அதிகம் உடைந்திருந்தால், ‘கூம்ப ரொம்ப இறுக்கிட்டானுங்க’ என்பார். ஆய்வுக்கூடத்து எண்ணெய் இழப்பு அறிக்கை மறுநாள்தான் வரும். அறிக்கை பெரும்பாலும் அவர் சொன்னதையே சொல்லும். புதிதாக வரும் பட்டதாரிகளுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டுவதும் அவர்தான். ஆறு மாதத்தில் அந்தப் பட்டதாரி அவருக்கு மேலதிகாரி ஆகிவிடுவார்.

அதே அண்ணன் ஒருநாள், பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய கலனின் கதவோரத்தில் மெல்லிய வெடிப்பைக் கண்டு, ‘இத வெல்டிங் வெச்சா அரை மணி நேர வேல. முன்ன எத்தன தடவ வெச்சிருக்கேன், ஒன்னும் ஆகலையே’ என்றார். உதவிப் பொறியாளர் விடவில்லை. அக்கலனுக்குள் நீராவி மூன்று பார் அழுத்தத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பின் நுனி உலோகப் பரப்பில் உண்மையில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதைச் சாயம் பூசிச் சோதித்தால்தான் அறியலாம். தவிர, அழுத்தக் கலனைப் பழுதுபார்க்க வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் ஒப்புதலும் வேண்டும். அன்று ஆலை நின்றது. லாரிகள் வரிசையாகக் காத்திருந்தன. மேலாளர் கத்தினார்.

அனுபவத்தின் இயல்பே இதுதான். தினமும் நடப்பதை அது மிக நன்றாகச் சொல்லித் தரும். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதைச் சொல்லித் தராது, ஏனெனில் அது அவருக்கு இன்னும் நடக்கவில்லை. நமது புத்தகங்களில் இருப்பது வேறு யாருக்கோ, வேறு எங்கோ ஏற்கெனவே நடந்தவை. பட்டத்திற்கு மதிப்பு இருக்கிறதென்றால் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வால்வைக் கழற்றத் தெரியாததை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

நமக்குள் ஒரு வார்த்தை

இந்தக் கேள்வி நம் சமுதாயத்தை வேறு விதமாகவும் தொடுகிறது. தோட்டங்களிலும் ஆலைகளிலும் ஃபிட்டர், வெல்டர், வயர்மேன், பாய்லர்மேன் என்று நம் பெரியவர்கள் பலர் வேலை பார்த்தார்கள். கை தெரிந்தது, காகிதம் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறியபோது, இருபது ஆண்டு அனுபவம் நேர்முகத் தேர்வில் எழுதப் படிக்கத் தெரியாதவரின் வாய்ப்பேச்சாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. நாமோ எஸ்.பி.எம். முடித்துத் திறன் பயிற்சிக் கழகத்துக்குப் போன நண்பனைக் கல்யாண வீட்டில் பார்த்தால், ‘எந்த யூனிவர்சிட்டி?’ என்று கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் நகர்ந்துவிடுகிறோம்.

2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழிகளுள் ஒன்று, முன் அடைவுநிலை அங்கீகாரம். மலாய் மொழியில் ‘பெங்கிக்தீராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு’ என்பார்கள். வகுப்புக்குச் செல்ல வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் கோப்பாக்கிக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் அதை ஆராய்ந்தும் நேரில் வினவியும் முடிவு செய்வார். ஆறாம் வகுப்போடு நின்ற ஃபிட்டரின் கைத்திறனை அரசாங்கம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் வழி இது.

தடை என்னவென்றால், ஒரு போல்ட்டின் அளவைத் தொட்டே சொல்பவரால் ‘இந்த வேலையை எவ்வாறு செய்தீர்கள்’ என்ற கேள்விக்கு மலாய் மொழியில் ஒரு பத்தி எழுத முடிவதில்லை. நம்மால் முடியும், அறிக்கை எழுதித்தானே இத்தனை பருவங்களைக் கடந்து வந்திருக்கிறோம்! அந்த ஃபிட்டர் அண்ணனின் கோப்பை வார இறுதிகளில் தொலைபேசி வழி நிரப்பி வருகிறோம். அவர் தமிழில் சொல்கிறார், நான் மலாயில் எழுதுகிறேன். படங்கள் சேர்ந்துவிட்டன, பணிப் பதிவேட்டின் நகல்களும் இருக்கின்றன. ஆலை நிர்வாகத்தின் உறுதிக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அதில் கையொப்பமிட வேண்டியவர், அவர் சுற்றிக் காட்டி வேலை பழக்கிய ஒரு பட்டதாரி.