பழைய சிடி பிளேயரோட சவுண்டைத் தேத்தலாம், வாங்க

பரண்ல தூங்குற சிடி பிளேயரை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. 1980, 90-கள்ல வந்த பிலிப்ஸ், சோனி, மராண்ட்ஸ் மெஷின்கள் பலதும் தாராளமா கட்டின சாமான். உள்ளே தனி டிரான்ஸ்பார்மர், கையால பிடிச்சு ஈயம் வைக்கிற அளவுக்குப் பெரிய பாகங்கள், வேலை செய்யத் தோதான போர்டு. இப்போ வர்ற பொடிப்பொடி பாகங்கள்ல நம்ம சால்ட்ரிங் அயனை வச்சாலே பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்து கழண்டு வந்துடும்.

தம்பிங்க எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி, "எந்த ஐசி மாத்தினா சவுண்டு தூக்கும்?" என் பதில் எப்பவும் ஒண்ணுதான். ஐசி கடைசியில. முப்பது வருஷம் ஆன மெஷின்ல "சவுண்டு மந்தமா இருக்கு"ன்னு தோணினா, பாதிக்கு மேல அது வயசான கோளாறு. அதைச் சரிபண்ணாம புது ஐசி போட்டா காசுதான் போகும்.

மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பவர் சுவிட்சை ஆஃப் பண்ணினா போதாது. 230 வோல்ட் அந்த சுவிட்ச் வரைக்கும் வந்து நிக்கும், சில மாடல்ல டிரான்ஸ்பார்மருக்கே போயிட்டு இருக்கும். பிளக்கையே பிடுங்குங்க. பெரிய கெப்பாசிட்டர் ரெண்டு முனையிலயும் மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜ் இறங்கிடுச்சான்னு பார்த்துட்டு அப்புறம் கையை வைங்க. ரெண்டாவது, லேசர். அது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குச் சரியா தெரியாது. தெரியலையேன்னு ஓடுற மெஷின்ல குனிஞ்சு லென்ஸைப் பார்க்காதீங்க.

முதல் வேலை துடைக்கிறதுதான். காட்டன் பட்ஸ்ல ஒரு சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, லென்ஸ் மேல அழுத்தாம ஒரு சுத்து. நெயில் பாலிஷ் ரிமூவர் கிட்டயே வரக்கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக், பால் மாதிரி வெளுத்துடும். துடைச்சா சவுண்டு இனிமையாகும்னு நான் சொல்லலை. சிடியில கீறல் இருந்தா பிளேயர் தானே பிழை திருத்திக்கும், ரொம்ப மோசமான இடத்துல மட்டும் உத்தேசமா ஒரு மதிப்பைப் போட்டு நிரப்பும். லென்ஸ் அழுக்கா இருந்தா அந்த உத்தேசக் கணக்கு அதிகமாகும், அப்புறம் திக்கும். அவ்வளவுதான். ஆனா திக்குற மெஷினைக் காதால மதிப்பிட முடியாதே! லேசர் பக்கத்துல ஒரு குட்டி பிரீசெட் இருக்கும், அதை மட்டும் திருகவே திருகாதீங்க. திருகினா லேசருக்குப் போற கரண்ட் ஏறும், ரெண்டு நாள் பளிச்சுன்னு படிக்கும், அப்புறம் லேசர் ஒரேயடியா போயிடும்.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கோங்க. போர்டைத் திருப்பி, ஹீட்சிங்க்ல நிக்கிற ரெகுலேட்டர் ஐசி, பின்னாடி ஆர்சிஏ சாக்கெட், இந்த ரெண்டோட கால்களையும் உத்துப் பாருங்க. ஈயத்துல காலைச் சுத்தி முடி மாதிரி ஒரு வட்டக் கோடு தெரியும். அதுதான் வெடிப்பு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இல்லேன்னா வயரைச் சொருகி இழுத்து, பிடிப்பு விட்டுப்போன இடம். ஒரு பக்கம் சவுண்டு வந்து வந்து போறதுக்கும், கரகரப்புக்கும், ஏன், சில நேரம் ஹம்முக்கும் இதுதான் காரணம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு, புது ஈயக்கம்பி வச்சு சூடு பண்ணினா முடிஞ்சது. பிலிப்ஸ் சிடி 104 மாதிரி ஆரம்பகால மெஷின்ல போர்டோட மேல் பக்கத்தையும் கீழ் பக்கத்தையும் இணைக்கிற ரிவெட் மாதிரி ஊசிகள் இருக்கும். அதுல தொடர்பு விட்டுப்போறது ரொம்பப் பிரசித்தம், ஒவ்வொண்ணுக்கும் ஈயம் வச்சே ஆகணும். செலவு ஈயக்கம்பி காசு மட்டும்தான்.

இப்போ கெப்பாசிட்டர். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள்ள இருக்கிற திரவம் சூட்டுல காயும். சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ஏறக்குறைய ரெட்டிப்புன்னு ஒரு கணக்கு உண்டு. அதனால ரெகுலேட்டர் ஹீட்சிங்கை ஒட்டி நிக்கிறதுதான் முதல்ல சாகும். அங்கேருந்து ஆரம்பிங்க. மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு இல்லேன்னா கொஞ்சம் கூட, சூடு தாங்குற அளவு 105 டிகிரி. "2200 இருக்கிற இடத்துல 10,000 போட்டா பேஸ் அதிரும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பிளக் போடுற நொடியில டயோடு மேல பாரம்தான் ஏறும்.

எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டாதீங்க. முதல்ல போனை எடுத்து நாலு கோணத்துல போட்டோ. ஒண்ணைக் கழட்டினா ஒண்ணைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. கெப்பாசிட்டர் உடம்புல கோடு இருக்கிற பக்கம் மைனஸ். ஆனா போர்டுல சில கம்பெனி பிளஸ்ஸுக்கு அடையாளம் போட்டிருக்கும், சில கம்பெனி மைனஸ் பக்கத்தை நிழலடிச்சிருக்கும். போர்டை நம்பாம, கழட்டின பழசு எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சோ அதை நம்புங்க. பிளஸ், மைனஸ் இல்லாத பைபோலார் வகை இருந்த இடத்துல பைபோலாரையே போடணும். நிச்சிகான், பானசோனிக், எல்னா நல்ல பேர்கள்தான். ஆனா அந்தப் பேர்கள்ல டூப்ளிகேட்டும் ஓடுது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, போடறதுக்கு முன்னாடி மீட்டர்ல அளந்துடுங்க.

சவுண்டு வெளியே போற கடைசி வழியில, சேனலுக்கு ஒண்ணா ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கும். பாட்டு முழுசும் அதுக்குள்ள நுழைஞ்சுதான் வருது. மாத்தினா தெரியுமான்னு கண்டுபிடிக்க அக்காகிட்ட ஒரு வழி இருக்கு. இடது சேனல்ல மட்டும் புதுசு போடுங்க, வலதுல பழசு அப்படியே இருக்கட்டும். அப்புறம் 1960-கள்ல வந்த தமிழ்ப் படப் பாட்டு இருக்கிற ஒரு சிடியைப் போடுங்க. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் மோனோ, ரெண்டு சேனல்லயும் ஒரே சத்தம்தான். ஒரே ஸ்பீக்கரை வச்சு, அதோட வயரை ஆம்ப்ளிஃபையரோட இடது, வலது முனையில மாத்தி மாத்தி மாட்டிக் கேளுங்க. பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். போலி ஸ்டீரியோவா ஆக்கி விட்ட மறுபதிப்பு சிடி இதுக்கு உதவாது. வித்தியாசம் கேக்கலைன்னா அடுத்த சேனலுக்கு வாங்க வச்சிருந்த காசை வேற வேலைக்கு வச்சுக்கலாம். வயரை மாத்துறதை நீங்க பண்ணாதீங்க, வீட்ல வேற யாரையாவது பண்ணச் சொல்லிட்டு நீங்க திரும்பி உக்காந்துக்கோங்க. எது புதுசுன்னு தெரிஞ்சா காது பொய் சொல்லும். ஒவ்வொரு தடவை வயரைக் கழட்டும்போதும் ஆம்ப்ளிஃபையர் ஆஃப்ல இருக்கணும்.

கடைசியா ஐசி, அதாவது அவுட்புட் பக்கம் சவுண்டைப் பெருக்கி அனுப்புற ஆப்-ஆம்ப். உள்ளே இருக்கிறது 4558-ன்னா மாத்துங்க, பலன் இருக்கும். 5532-ன்னா என் கருத்துல கையை வைக்கவே வேண்டாம். ரெக்கார்டிங் ஸ்டூடியோ மிக்ஸர்கள்ல வரிசையா நிக்கிறது அதே ஐசிதான். உங்க சிடியில இருக்கிற பாட்டே அதுக்குள்ள பலதடவை நுழைஞ்சு வந்திருக்கும். ஆசை விடலைன்னா ஓபிஏ 2134 போட்டுப் பாருங்க. நேரா ஈயம் வைக்காம 8 கால் சாக்கெட் வைங்க. ஐசியோட பள்ளம் பழசு பார்த்த பக்கமே பார்க்கணும். 4-வது, 8-வது காலுக்கு நடுவுல சாக்கெட் அடியிலேயே ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒண்ணு கட்டுங்க. வேகமான ஐசிங்க இது இல்லேன்னா காதுக்குக் கேக்காத அதிர்வுல போயிடும். போட்ட கொஞ்ச நேரத்துல கை பொறுக்காத சூடு வந்தா அதான் அறிகுறி, உடனே ஆஃப் பண்ணுங்க. 5534-ஐயும் 5532-ஐயும் குழப்பிக்காதீங்க. முதல்லது ஒத்தை, ரெண்டாவது ரெட்டை, கால் வரிசையே வேற.

பல மெஷின்ல அவுட்புட்ல மியூட் டிரான்சிஸ்டர் இருக்கும். அதைப் பிடுங்கினா சவுண்டு சுத்தமாகும்னு ஒரு கோஷ்டி சொல்லும். பிடுங்கினா ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர்ல 'டம்'முன்னு இடிக்கும், எனக்கு உடன்பாடு இல்லை. டிரான்ஸ்பார்மர் ஸ்க்ரூவை இறுக்கறது, அடியில ரப்பர் வாஷர் போடறது, இதெல்லாம் செலவில்லாத வேலை, ரீங்காரம் குறையும். பாகங்களை மாத்தித் தரத்தை ஏத்தறது கிறுக்குத்தனம்னு யாராவது சிரிச்சா, மராண்ட்ஸ் கம்பெனியே தன்னோட சிடி-63-ஐ எடுத்து, அவங்க இன்ஜினியர் கென் இஷிவாட்டா காதால கேட்டுக் கேட்டுப் பாகங்களை மாத்தி, கேஐ சிக்னேச்சர்னு 1990-கள்ல வித்த கதையைச் சொல்லுங்க.

பின்னாடி கோஆக்சியல் டிஜிட்டல் அவுட்புட் சாக்கெட் இருக்கிற மெஷினா? அப்போ ஐசி, கப்ளிங் வேலையெல்லாம் விட்டுட்டு டிஜிட்டலை அனலாக்கா மாத்துற ஒரு சின்ன டேக் (DAC) பெட்டி வாங்கி 75 ஓம் கேபிள்ல மாட்டுங்க. பிளேயரோட அனலாக் பகுதி மொத்தமும் வழியிலிருந்தே விலகிடும். என்னைக் கேட்டா முதல் ஓட்டு இதுக்குத்தான்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கெப்பாசிட்டரும் ஆப்-ஆம்ப் ஐசியும் சுலபமா கிடைக்கும், லேசர் அப்படி இல்லை. சோனியோட கேஎஸ்எஸ்-213 மாதிரி பரவலா ஓடினதுக்கு மாற்று கிடைக்கும். மாட்டினதும் அதோட போர்டுல ஸ்டாட்டிக்குக்காக வச்ச ஈயப் பொட்டை எடுத்து விடணும், எடுக்காம "புது லேசரும் படிக்கலை"ன்னு தூக்கிப் போடறவங்க நிறைய. ஆனா பல பழைய மாடல் லேசருக்கு மாற்றே கிடையாது. அதனால உங்க மெஷினோட லேசர் நம்பரைப் பார்த்து, அது கடையில கிடைக்குதான்னு விசாரிச்சுட்டு, அப்புறம் கெப்பாசிட்டர் பட்டியல் போடுங்க.