அடை முட்டையில் கரு அறியும் முறை

நாட்டுக் கோழி வளர்ப்போர் பலர், கிடைத்த முட்டைகளையெல்லாம் அடை வைத்து, 21 நாட்கள் கழிந்தபின் பாதி கூமுட்டையாய்ப் போனது கண்டு கோழியைக் குறை கூறுவர். சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அம்முட்டையில் கரு உண்டாகாது. ஆகையால் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருத்தல் அவசியம். இட்டு ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளையே அடைக்குப் பொறுக்க வேண்டும்.

அடை வைக்குமுன் ஓட்டின் தோற்றத்தைக் கொண்டு கருவை அறிய இயலாது. அடை வைத்த 7-ஆம் நாள் இரவில், இருட்டறையில், கெட்டி அட்டையொன்றில் முட்டையினும் சிறிய துவாரமிட்டு, அதன் பின்னே விளக்கை வைத்து, முட்டையின் அகன்ற முனையைத் துவாரத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். கரும்புள்ளியொன்றைச் சுற்றிச் சிலந்திக் கால்கள்போல் செந்நரம்புகள் பரவியிருப்பின் கரு உயிருடன் உளது. உள்ளே முழுதும் தெளிவாயிருப்பின் கருவில்லை. செவ்வளையம் மட்டும் தோன்றின் கரு இறந்துவிட்டது. அதனை அகற்றாவிடில் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

ஒரே நாளில் இரண்டு கோழிகளை அடை வைத்தவர்கள், கருவுள்ளவற்றை ஒரு கோழியின்கீழ்ச் சேர்த்து, மற்றதற்குப் புது முட்டைகள் வைக்கலாம். அதனால் ஒரு கோழியின் இரண்டு வார உழைப்பு வீணாகாது.