இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை ஒன்றுதானா?

பால் வெட்டும் உடம்பு வெளிறினால் ‘இரத்தம் குறைவு’ என்று வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். அத்துடன் காய்ச்சல் விடாது, ஈறில் இரத்தம் கசிந்து, தோலில் நீலத் திட்டுகளும் தோன்றினால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். ‘அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா’ என்னும் கடும் நோயில், முதிராத அணுக்கள் எலும்பு மச்சையை நிறைத்து, நல்ல இரத்தம் ஊறவொட்டாமல் தடுக்கின்றன.

உடல் வலுவுள்ளோருக்குச் சைட்டராபைன் மருந்தை 7 நாளும், டானோரூபிசினை 3 நாளும் இரத்தக் குழாய் வழியே செலுத்துவர். 1970களில் பரவிய இம்முறை இன்றும் நிற்கிறது. பல வாரம் மருத்துவமனையில் தங்க நேரும். நோய் தணிந்தபின், அது திரும்பக்கூடும் எனக் கருதப்படுவோருக்கு எலும்பு மச்சை மாற்று உண்டு. உடன்பிறந்தார் ஒருவருடையது முற்றும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே. தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் எனச் சிதறிய அண்ணன் தங்கையரைத் தேடிச் சேர்ப்பதும் இங்கே மருத்துவந்தான்!

முதியோர் இவ்வளவு கடுமையைத் தாங்கார். அவர்களுக்கு அசாசைட்டிடின் ஊசியும் வெனட்டோக்ளாக்ஸ் மாத்திரையும் அண்மைக் காலத்தில் வழங்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் நோயை வேரறுப்பதில்லை, நாளை நீட்டிக்கின்றன. இரத்தம் ஏற்றி, வேதனை தணித்து, வீட்டிலே இருக்க விரும்புவதும் ஒரு தெரிவே. அதனைக் கைவிடல் என்று நாம் கருதலாகாது.

எனவே ஈப்போவிலோ அம்பாங்கிலோ மருத்துவரைக் காண்போர், “நோயைப் போக்கவா, நாளை நீட்டவா இந்தச் சிகிச்சை?” என்று நோயாளியை அருகில் வைத்துக்கொண்டே கேட்டறிக.